கோசலையின் கொப்பியில் ஒரு பக்கம்

வில்லியே லே பெல்
14.01.2025

சாம்பவிக்கு,

நேற்றுக் காலை ஒன்பது பத்துக்கு, பாரிஸ் ரூ லூயி-பிளாங்கில் கிருஷாந்தின் தொலைபேசிக் கடையின் பின்மூலையில் இருக்கும் என் மேசையில், பல வாரங்களாக இழுபட்ட ஒரு விடயம் முடிவுக்கு வந்தது. வெளிநாட்டுக்கு ஒட்டும் முத்திரை நான்கு வாங்குவதென்று தீர்மானிக்கப்பட்டது. ஆறு வாங்கலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. ஆறு என்றால் ஆசைப்படுவது போலிருக்கும் என்று அது நிராகரிக்கப்பட்டது. இரண்டு என்றால் கோபம் தெரியும். நான்கு நடுநிலையான எண். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் நான் மட்டுமே இருந்தேன்.

ஏன் கடிதம் என்று கேட்பாய். உன் பழைய எண்ணுக்கு எடுத்தால் ஒரு பெண் உங்கள் ஊர்ப் பாஷையில் ஏதோ சொல்கிறாள். கோபமில்லாமல் சொல்கிறாள். அதிலிருந்தே அது நீ இல்லை என்று தெரிந்துகொண்டேன். கடை ஈமெயிலைக் கிருஷாந்த் வாசிப்பான். அவன் வாசித்தால் லா சப்பல் தமிழ்க் கடைத்தெரு முழுக்க வாசித்த மாதிரி.

விடயங்கள் இரண்டு.

முதலாவது. பத்து மாதத்துக்குப் பிறகு அம்மாவின் அலுமாரியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்று இருந்தது. அதில் ஒரு பக்கத்தின் தலையில் ‘கீப்’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, கீழே இரண்டு கோடு கீறியிருக்கிறாள். அதற்குக் கீழே ஒப்தர்ழாத்தி, ஹ்ரானித்தி, தர்ழாத்தி பெசேதோ, ரெதித்தி, வாரோவாத்தி என்று வரி வரியாகப் போகிறது. எழுத்து தமிழ். கையெழுத்து அம்மாவுடையது. மொழி என்னவென்று தெரியவில்லை. முப்பத்தொரு வருஷமாக மற்றவர்களின் பிறப்பு, கலியாணம், இறப்பு எல்லாவற்றையும் மொழிபெயர்த்துக் கொடுத்தவன் நான். என் வீட்டு அலுமாரியில் கிடந்த ஒரு பக்கம் எனக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கும் என்று நினைக்கிறேன். ஆய்வு நோக்கத்துக்காக மட்டும் கேட்கிறேன்.

இரண்டாவது. அம்மாவின் சாம்பல் இன்னும் தகனசாலையில்தான் இருக்கிறது. இந்த நாட்டுச் சட்டம் உனக்குத் தெரியும். வீட்டில் வைத்திருக்க விடமாட்டார்கள். அவர்கள் ஒரு வருஷம் வைத்திருப்பார்கள். அதற்குள் உரியவர் வந்து எடுக்காவிட்டால் தாங்களே ஒரு தோட்டத்தில் தூவிவிடுவார்கள். தகனம் நடந்தது மார்ச் 20. அன்று நான் பேனாவை உன் பக்கம் தள்ளினேன், பத்திரங்களில் நீதான் கையெழுத்திட்டாய். ஆகவே சட்டப்படி உரியவர் நீ. ஒன்றில் நீ வர வேண்டும், அல்லது நான் எடுக்கலாம் என்று நீ கையெழுத்திட்ட ஒரு தாள் வர வேண்டும். ஆஸ்பத்திரியில் அவள் சொன்னது உனக்கும் கேட்டது. “என்னைக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலிலை விடுங்கோ. இஞ்சை குளிர்.” யாழ்ப்பாணம் கொண்டுபோக மற்றப் பத்திரங்கள் எல்லாம் எடுத்துவிட்டேன். ஒரு தாள்தான் குறை.

உன் பெயருக்கு இந்த விலாசத்தில் ஒரு பதிவுத் தபால் சீட்டு வந்தது. வழமைபோல மேசை லாச்சிக்குள் போட்டேன். சீட்டைத் தூக்கிக்கொண்டு தபாலகத்துக்கு ஓட வேண்டாம் என்று என் மேசைக்கு வரும் எல்லோருக்கும் சொல்லிவருவது நீ அறிந்ததே. அகதி விண்ணப்பத்தை நிராகரித்தபோது பதிவுத் தபாலில் சொன்னார்கள். வீட்டை விட்டு எழும்பு என்பதையும் பதிவுத் தபாலில் சொன்னார்கள். இத்தனை வருஷத்தில் அதில் ஒரு நல்ல செய்தி வந்து நான் பார்க்கவில்லை. எடுக்காமல் விட்டால் பதினைந்து நாளில் தானாகத் திரும்பிப் போய்விடும். அவ்வளவு பணிவான ஆபத்து வேறு கிடையாது.

இன்று பொங்கல். அம்மா போன துடக்கு வருஷம் என்பதால் பொங்கவில்லை. பால் வாங்கிவிட்டேன், பழக்கத்தில்.

இப்படிக்கு,
தவரத்தினம் (அப்பா)


லுப்லியானா
27.01.2025

அப்பா,

என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளியோடு நின்றுவிட்டது. பிழை இருந்தால் சிவப்புப் பேனாவால் திருத்தி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்ப வேண்டாம். பன்னிரண்டு வயதில் நான் எழுதிய பிறந்தநாள் வாழ்த்தை அப்படித்தான் அனுப்பினீர்கள்.

அது ஸ்லோவேனிய மொழி. அந்தப் பக்கம் மாத்யாழுக்காக எழுதியது. என் கணவரின் பெயர் அது. அம்மா அப்படித்தான் எழுதுவா, அதனால் நானும் அப்படி எழுதுகிறேன்.

அம்மாவுக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம் மட்டும்தான். அதிலும் ஒரு நாற்பது சொல். அம்மா எல்லாவற்றுக்கும் பாவித்த சொல் கீப். தட்டில் வடையை வைத்து, “கீப், கீப்.” மழை வந்தால் தன் குடையை அவர் கையில் கொடுத்து, “கீப்.” அவர் அதை நம்பிக் குடையை ஒரு வருஷம் வைத்திருந்தார். பிறகு நான்தான் ஒரு நாள் இருந்து, அந்த ஒரு சொல்லுக்கு ஸ்லோவேனிய மொழியில் எத்தனை சொல் வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லச் சொல்ல, அம்மா எழுதிக்கொண்டா.

ஒப்தர்ழாத்தி என்றால் கையில் கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருப்பது. அது குடை.

ஹ்ரானித்தி என்றால் தொலையாமல், கெடாமல் பத்திரமாக வைப்பது. சாப்பாடு கொடுத்து வளர்ப்பதற்கும் அதே சொல்தான். அதைக் கேட்டதும் அம்மா சிரித்தா. “அப்ப நான் வடையோடை சொன்னது சரிதானே” என்றா.

ரெதித்தி என்றால் கோழி வளர்ப்பது. மாத்யாழின் அம்மா கோழி வளர்க்கிறா. அம்மா அதுகளுக்குத் தமிழில் பெயர் வைத்தா. சும்மா நிற்கிற ஆளைத் தேடி வந்து கொத்துகிற ஒன்றுக்கு உங்கள் பெயர்.

கோழியை அம்மா எப்போது பார்த்தா என்று இப்போது கேட்பீர்கள். கடைசி நான்கு வருஷமும் ஓகஸ்ட்டில் யசோதா சித்தி வீட்டுக்கு, ஸ்டுட்கார்ட்டுக்கு, என்று சொல்லிவிட்டு அம்மா இங்கேதான் வந்தா. வாரோவாத்தி என்றால் காப்பது. இரகசியத்தைக் காப்பதற்கும் அதுதான். சித்தியோடு கோபிக்க வேண்டாம். அவ பாவம், நீங்கள் ஃபோன் எடுக்கிற ஒவ்வொரு முறையும் அம்மா குளிக்கிறா என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனா.

இனி அந்தத் தாள்.

இல்லை அப்பா. கையெழுத்து வைக்க மாட்டேன்.

லா சப்பலில் செத்த எல்லாருக்கும் மரண அறிவித்தல் எழுதுவது நீங்கள்தான். செத்தவரின் சகலனின் மருமகன் கனடாவில் இருந்தால் அதைக்கூட விடமாட்டீர்கள். அம்மாவின் அறிவித்தலில் மருமகன் இல்லை. நாங்கள் கலியாணம் செய்து அப்போது ஆறு வருஷம். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். தகனசாலை மண்டபத்தில் உதயன் மாமா உங்களிடம் கேட்டார், “ஆர் அண்ணை உந்த வெள்ளை?” நீங்கள் சொன்னீர்கள், “சவப்பெட்டிக் கொம்பனி ஆள்.” நான் உங்களுக்குப் பின்னால்தான் நின்றேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது. எல்லாரும் தன்னைப் பார்த்து ஏதோ எதிர்பார்க்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. அதனால் எல்லாரும் எழும்பிய பிறகு கதிரைகளை மடித்து அடுக்கினார். தொண்ணூற்றிரண்டு கதிரை. உதயன் மாமா போகும்போது அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 14 முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. அதையும் நீங்கள்தான் எழுதுவீர்கள். அதில் அவர் பெயர் வர வேண்டும். அதற்குப் பிறகு தாள் வரும்.

புது எண் தர மாட்டேன். தந்தால் நீங்கள் தமிழில் கத்துவீர்கள், நான் பிரெஞ்சில் கத்துவேன்.

சாம்பவி


வில்லியே லே பெல்
05.02.2025

சாம்பவிக்கு,

இரண்டாவது முத்திரை.

உன் கடிதத்தில் ஏழு எழுத்துப் பிழைகள். திருத்தி வைத்துக்கொண்டேன். ஒப்தர்ழாத்தி.

நான்கு ஓகஸ்ட்டும் உன் அம்மாவைக் கார் து லெஸ்ட் ரயில் நிலையத்தில் ஸ்டுட்கார்ட் வண்டியில் ஏற்றிவிட்டது நான்தான். பெட்டியைத் தூக்கி வைத்து, யன்னல் பக்கம் இருத்தி, வண்டி மறையும் வரை நின்று கை காட்டினேன். வண்டி ஸ்டுட்கார்ட்டுக்குத்தான் போனது. அதில் ஒரு பிழையும் இல்லை. திரும்பி வரும்போது பச்சை நிறத்தில் பூசணி விதை எண்ணெய் ஒரு போத்தல் கொண்டுவருவாள். ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான், எண்ணெயில்கூட என்ன ஒழுங்கு என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது அவளும் பக்கத்தில் நின்றிருக்கிறாள். “ஓம், நல்ல எண்ணெய்” என்பாள். அது உண்மைதான்.

கோழி நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

அறிவித்தலைப் பற்றி. நான் ஒரு தொழில்முறைக் காரணத்தால்தான் அந்த வரியை விட்டேன். மருமகனுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாடு போட வேண்டும். ஸ்லோவேனியா என்று போட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் அதை ஸ்லோவாக்கியா என்று வாசிப்பார்கள். மிச்ச இரண்டு பேர் அச்சுப்பிழை என்று எனக்கு அறிவிப்பார்கள். மரண அறிவித்தல் பூகோளம் படிப்பிக்கும் இடமல்ல.

இந்தக் காரணத்தை இப்போது எழுதி வாசித்துப் பார்க்கையில் அது போன வருஷம் இருந்த அளவு பலமாக இல்லை.

உதயன் கேட்டது உண்மை. நான் சொன்னதும் உண்மை. கறுப்புக் கோட்டு, கழுத்தில் கறுப்பு ரை, கையில் வெள்ளைப் பூ. கேள்வி சட்டென்று வந்தது. என் வாயில் அதுதான் வந்தது. கதிரைகள் தொண்ணூற்றிரண்டு என்பது எனக்குப் புதிய தகவல்.

ஆனால் நீ நிபந்தனை வைக்கிறாய். அறிவித்தலுக்கு நிபந்தனை வைக்கிறவர்களை என் மேசை நிறையக் கண்டிருக்கிறது. தம்பியின் பெயரை எடுத்தால்தான் தகப்பனைத் தகனம் செய்வேன் என்று ஒருவர் இரண்டு நாள் நின்றார். மூன்றாம் நாள் பெயரும் இருந்தது, தகனமும் நடந்தது, அவர்தான் வரவில்லை. அந்த ஆட்களைப் பற்றி வீட்டுக்கு வந்து சொல்லும்போது நீயும் அம்மாவும் சேர்ந்து சிரிப்பீர்கள்.

முதலில் கையெழுத்து வரட்டும். பெயரைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். மார்ச் 20க்கு நாற்பத்துமூன்று நாள் இருக்கிறது.

தர்ழாத்தி பெசேதோ என்றால் என்னவென்று நீ எழுதவில்லை. அம்மா அதற்குக் கீழே மூன்று கோடு கீறியிருக்கிறாள்.

இப்படிக்கு,
தவரத்தினம் (அப்பா)


லுப்லியானா
17.02.2025

அப்பா,

தாள் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. கையெழுத்து வைத்துவிட்டேன். என் கடவுச்சீட்டின் பிரதியும் இருக்கிறது, அவர்கள் கேட்பார்கள். என் புது எண் தாளின் பின்பக்கத்தில்.

நான் மனம் மாறவில்லை. அதை முதலில் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தை மாத்யாழுக்குப் பிரெஞ்சும் ஸ்லோவேனியமும் கலந்து வாசித்துக் காட்டினேன். பெட்டிக் கொம்பனி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். போன வருஷத்திலிருந்து அதை அவருக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்த மூன்று கோடு போட்ட சொல்லுக்கு நான் அல்லவா பதில் சொல்ல வேண்டும்” என்றார்.

தர்ழாத்தி பெசேதோ என்றால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது.

கடைசி ஓகஸ்ட்டில் அம்மாவைப் பிரான் என்ற இடத்துக்குக் கடல் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். நான் ஐஸ்கிறீம் வாங்கப் போயிருந்தேன். அம்மா காலை நனைத்துக்கொண்டு நின்றா. அப்போது அவருக்குத் தன் கடலைப் பற்றிச் சொன்னாவாம். அந்த நாற்பது சொல்லில் எப்படிச் சொன்னா என்று தெரியவில்லை. மை சீ, ஹொட், யூ கீப் என்றாவாம். பிறகு கொப்பியை எடுத்து அந்த வரியைக் காட்டினாவாம். இவரும் ஓம் என்றாராம். தமிழில்தான், “ஓம்” என்று. அந்தச் சொல்லை அம்மாதான் பழக்கியிருந்தா.

அம்மாவுக்கு அப்போதே தன் உடம்பில் இருந்த வருத்தம் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாது.

“என் பெயர் அந்தப் பேப்பரில் வந்தாலும் வராவிட்டாலும் நான் மருமகன்தான். உன் அம்மா அங்கே பெட்டிக்குள் இருந்தால் நான் சொன்ன சொல்லும் அங்கே இருக்கிறது” என்றார் அவர். அதனால்தான் கையெழுத்து. இதை அவர் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் இல்லை.

நீங்கள் நன்றி எழுத மாட்டீர்கள் என்று தெரியும். பதில் வராவிட்டால் அம்மாவை எடுத்துவிட்டீர்கள், என்னோடு கதைக்க விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் தொந்தரவு செய்ய மாட்டேன். கீரிமலையில் விடும்போது என் பெயரையும் ஒருக்கால் சொல்லிவிடுங்கள். அவர் பெயரைச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

மாத்யாழ் நாளைக் காலை வேலைக்குப் போகும்போது இதைத் தபாலில் சேர்ப்பார்.

சாம்பவி


வில்லியே லே பெல்
13.03.2025

சாம்பவிக்கு,

மூன்றாவது முத்திரை.

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அதுவும் ஒரு பதில்தான். என் மேசைக்கு வருகிறவர்களுக்கு நானே அப்படிச் சொல்வதுண்டு: அலுவலகம் பதில் தராவிட்டால் இல்லை என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை தகனசாலைக்குப் போனேன். தாள் இல்லாமல் போனேன். அங்கிருந்த பெண் மரியாதையானவள். கதிரை தந்தாள், தண்ணீர் தந்தாள், கணினியைப் பார்த்தாள். “ஐயா, கையெழுத்திட்டவர் வர வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய கடிதம் வர வேண்டும். இருபதாம் திகதி வரை எங்களிடம் இருப்பார்” என்றாள். இருப்பார் என்றாள். நான் அவளுக்கு என் கலியாணப் பத்திரத்தைக் காட்டினேன், மொழிபெயர்ப்போடு. நல்ல மொழிபெயர்ப்பு என்றாள். உள்ளே எந்த அறையில் என்று கேட்டேன். கையைக் காட்டினாள். கதவு ஒன்றுதான் நடுவில்.

திரும்பி வரும் வழியில் ரயிலில் முடிவெடுத்தேன். இந்த முறை கூட்டம் கூட்டவில்லை. நாளை வெளிவரும் நினைவஞ்சலியில் பின்வருமாறு இருக்கும்:

‘யாழ். கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், பிரான்ஸ் வில்லியே லே பெல்லை வதிவிடமாகவும் கொண்டிருந்த அமரர் கோசலை தவரத்தினம், தவரத்தினத்தின் அன்பு மனைவியும், சாம்பவியின் பாசமிகு தாயாரும், மாத்யாழ் (ஸ்லோவேனியா) அவர்களின் அன்பு மாமியாரும் ஆவார்.’

தட்டச்சு செய்தது கிருஷாந்த். அந்த வரி வந்ததும் கையை எடுத்துவிட்டான்.

“அண்ணை, ஆர் இது? யாழ்ப்பாணத்திலை எவடம்?”

“என்ரை மருமோன்.”

“அண்டைக்கு வந்த அந்த வெள்ளையோ? பெட்டிக் கொம்பனி எண்டு எல்லாருக்கும் சொன்னியள்.”

“ஓம். பிழையாச் சொல்லிப்போட்டன்.”

“இப்ப திருத்தம் போடுறியளோ?”

“திருத்தம்தான்ரா போடுறன். அடி.”

அடித்தான்.

உனக்கு நான் முழுதாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அம்மாவின் அந்தப் பக்கத்தில் உங்கள் பாஷைச் சொற்கள் முடிந்த பிறகு, அடியில், சின்ன எழுத்தில், தமிழில் ஒரு வரி இருக்கிறது. அது எனக்கு முதல் நாளே விளங்கியது. ‘இந்த வருஷம் எப்பிடியும் இவருக்குச் சொல்ல வேணும்.’ பக்கத்தில் திகதி போட்டிருக்கிறாள். நான்கு திகதி. நான்கும் ஜூலை.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று என் மேசைக்கு வருகிறவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. இது அவள் எழுதியது.

இனித் தாளை அனுப்பு. இன்றே அனுப்பு. ஏழு நாள் இருக்கிறது. அம்மாவைக் கைப்பையில் கொண்டுபோகலாம், மடியில் வைக்கக் கூடாது, மேலே தட்டில் வைக்க வேண்டும் என்று விமானக் கம்பனி சொல்கிறது. மேலே எழும்பிய பிறகு மடியில் எடுத்து வைத்தால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருக்கிறேன்.

மருமகனிடம் நான் சுகம் விசாரித்ததாகச் சொல். கதிரைகளுக்கு நன்றி என்றும் சொல்.

வேறு விசேஷமில்லை. பெப்ரவரி 24 என் பெயருக்கும் ஒரு பதிவுத் தபால் சீட்டு வந்தது. யார் அனுப்பியது என்று அதில் இல்லை. லாச்சியில் போட்டேன். இதற்குள் திரும்பிப் போயிருக்கும்.

அப்பா


லுப்லியானா
25.03.2025

அப்பா,

உங்கள் கடிதம் நேற்றுப் பின்னேரம் வந்தது. இன்று காலை இன்னொரு உறையும் வந்தது. பெப்ரவரியில் நான் அனுப்பியது. அதில் ஒரு மஞ்சள் ஒட்டு, ‘உரியவர் பெற்றுக்கொள்ளவில்லை’ என்று.

அதற்குள் தாள் இருந்தது. என் எண் இருந்தது. எல்லாம் இருந்தது.

பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லி நான் சொல்லவில்லை. உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? மாத்யாழ் தபாலகத்தில் கேட்டாராம், எது மிகப் பத்திரமான வழி என்று. அம்மாவுடைய விஷயம் என்பதால். இரவல் காரில் கண்ணாடிப் பொருள் கொண்டுபோகிறவர் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு போனார், நான் யன்னலால் பார்த்தேன்.

இன்று அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏன் வாங்கவில்லை?” என்று கேட்கிறார். விலாசம் பிழையாக இருந்திருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். அவர் விலாசத்தை மூன்று தரம் ஒத்துப் பார்த்தார். இனி அதையும் நான்தான் வைத்திருக்க வேண்டும். வாரோவாத்தி.

நேற்று உங்கள் கடிதத்தை வாசித்து முடிக்க முன்னமே தகனசாலைக்கு எடுத்தேன். மணி ஆறு, பூட்டிவிட்டார்கள். இன்று காலை எடுத்தேன். கோப்பு முடிந்துவிட்டது என்றார்கள். என்ன முடிந்தது என்று கேட்டேன். எழுத்தில் அனுப்பியிருக்கிறோம், ஃபோனில் சொல்ல முடியாது என்றார்கள். ஜனவரியில் ஒன்றும் மார்ச் தொடக்கத்தில் ஒன்றும் பதிவுத் தபாலில் எனக்கு எழுதினார்களாம். பத்திரத்தில் இருந்த விலாசம் வில்லியே லே பெல். இப்போதைய கடிதம் சாதாரணத் தபாலில் அங்கேதான் வருகிறதாம். அது என் பெயருக்கு இருக்கும். பிரித்துப் பாருங்கள்.

நினைவஞ்சலியை இணையத்தில் பார்த்தோம். அவருக்குத் தன் பெயர் எது என்று விரலால் காட்டினேன். ‘இந்த நீளக் கொம்பு வைத்த எழுத்து நானா?’ என்று கேட்டார். அச்சடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறார். கோழிகளுக்குச் சொன்னதாக அவருடைய அம்மா எழுதியிருக்கிறா.

எண் கீழே எழுதியிருக்கிறேன். எடுங்கள். நான் கத்த மாட்டேன்.

சாம்பவி


வில்லியே லே பெல்
01.04.2025

சாம்பவி,

நான்காவது முத்திரை.

உன் எண்ணை மூன்று நாளாக அழுத்துகிறேன். கடைசி இலக்கத்துக்கு முன்னால் கை நின்றுவிடுகிறது. எடுத்தால் நீ கத்த மாட்டாய் என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான்.

லாச்சியை மேசையில் கவிழ்த்தேன். அதில் இருந்தவற்றைத் திகதிப்படி அடுக்கினேன். 10 ஜனவரி, உன் பெயருக்கு. 24 பெப்ரவரி, என் பெயருக்கு. 3 மார்ச், உன் பெயருக்கு. அதற்கு முந்தியவை வேறு ஆட்களுடையவை, வேறு விடயங்கள்.

நேற்று நிரோஜினி என்றொரு பிள்ளை, கர்ப்பிணி, சீட்டு ஒன்றோடு மேசைக்கு வந்தாள். “ஐயா, போய் எடுக்கவோ, விடவோ?” என்றாள். கிருஷாந்த் எட்டிப் பார்த்தான். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு அவளோடு தபாலகத்துக்குப் போனேன். வரிசையில் நாற்பது நிமிஷம் நின்றோம். வரிசையில் நிற்கத் தெரியாமல் இரண்டு தரம் பிழையான இடத்தில் நின்றேன். அவளுக்கு வந்தது மின்சாரக் கணக்குப் பெயர் மாற்றம்.

யசோதாவோடு கதைத்தேன். கோபிக்கவில்லை. அம்மா குளித்து முடித்துவிட்டாளா என்று கேட்டேன். அவள் அழுதாள். நான் பகிடியாகத்தான் கேட்டேன்.

அம்மாவின் கொப்பியை இதோடு அனுப்பவில்லை. நீ வரும்போது தருகிறேன், அல்லது மருமகன் வரும்போது. அவர் வந்தால் ரூ லூயி-பிளாங்குக்குக் கூட்டிக்கொண்டு போவேன். உதயனும் வருவான். அறிமுகம் செய்யப்பட வேண்டியிருக்கிறது.

உன் பெயருக்குச் சாதாரணத் தபாலில் வந்த கடிதத்தை, நீ சொன்னபடி, பிரித்தேன். ஒரு பக்கம். மார்ச் 24, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு, நினைவுத் தோட்டத்தின் வடக்குப் பக்கப் புல்தரையில், ஊழியர் ஒருவர் முன்னிலையில் சாம்பல் தூவப்பட்டது. நேரத்தையும் வெப்பநிலையையும் பதிவேட்டில் குறிப்பது அவர்கள் வழக்கமாம். ஏழு பாகை.